கண்ணில் மின்னும் வளைவும் மாலா-என் அட்டையும்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. தேனி மாவட்டம். இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்கு ஒன்பது மாதம், இன்னும் பால் கொடுக்கிறேன். துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கொடுத்த மாலா-என் கருத்தடை மாத்திரையை இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். முதல் மாதம் குமட்டலும், இடையிடையே லேசாகத் தீட்டுப்படுவதும் இருந்தது; இப்போது பரவாயில்லை. என் மாமியார் (நாள் முழுக்க வெற்றிலை பாக்கு போடுகிறவர்) இது கர்ப்பப்பையைச் சுருக்கிவிடும், உடம்பு ஊதிவிடும், வருஷத்தில் மூன்று மாதமாவது நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறார். உலக சுகாதார நிறுவனமே இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சொல்லியிருப்பதாக வாட்ஸப்பில் வந்ததை என் கணவர் காட்டுகிறார். ‘பேசாமல் நீ ஆபரேஷன் பண்ணிக்கோ’ என்கிறார். கல்யாணம் ஆகாத என் தங்கைக்கு (22) நீர்க்கட்டிக்காக இதே மாதிரி மாத்திரைதான் கொடுத்திருக்கிறார்கள். அது சரியா? பின்னால் அவளுக்குக் குழந்தை நிற்குமா? கடைசியாக, மாத்திரைக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று. காலேஜ் காலத்திலிருந்தே எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. வலி வருவதற்கு முன்னால் கால் மணி நேரம், அரிவாள் வளைவு மாதிரி ஒன்று கண்ணில் மினுமினுத்துக்கொண்டே விரியும். முன்பு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். இந்த இரண்டு மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டது. கண்ணாடி மாற்ற வேண்டியிருக்குமோ?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று மாலையே இரண்டு வரி அனுப்பியிருந்தேன். மாலா-என்னை இன்றோடு நிறுத்துங்கள், நாளைக் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷர் பாருங்கள் என்று. காரணம் எழுத அப்போது நேரமில்லை. இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் அந்தக் கடைசி வரியை ‘சம்பந்தம் இல்லாதது’ என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்களோ!

சம்பந்தம் இருக்கிறது. நீங்கள் கேட்ட மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதற்குத்தான் அதிகச் சம்பந்தம்.

கண்ணாடிப் பவர் மாறினால் பார்வை நாள் முழுக்க மங்கலாக இருக்கும். கால் மணி நேரம் வந்துவிட்டுத் தானாகப் போகாது. அடுத்த முறை அந்த வளைவு வரும்போது ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், அப்புறம் மற்றக் கண்ணை. எந்தக் கண்ணை மூடினாலும் அது தெரியும். ஏனென்றால் அது கண்ணில் உண்டாவதில்லை. மூளையின் பின்பக்கத்தில், பார்வையைக் கவனிக்கும் பகுதியில், மெல்ல நகர்ந்து போகும் ஒரு மின் அலை அது. முதலில் நடுவில் ஒரு புள்ளி. எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது ஒரு எழுத்து மட்டும் காணாமல் போகும். பிறகு அந்தப் புள்ளி பிறையாக விரிந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல் போல மின்னிக்கொண்டு பக்கவாட்டில் நகரும். பத்து, இருபது நிமிடம் கழித்து மறைய, வலி தொடங்கும். ‘நண்பகல் வெயிலில் தகரக் கூரையைப் பார்த்த மாதிரி’ என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார். உடைந்த செல்போன் கண்ணாடி மாதிரி என்றாள் ஒரு கல்லூரி மாணவி. மருத்துவத்தில் இதை ஆரா என்போம்.

ஆராவுடன் ஒற்றைத் தலைவலி வரும் பெண்ணுக்கு, மாலா-என் போல ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை கொடுக்கக் கூடாது. எந்த வயதிலும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் யாருக்கு எந்தக் கருத்தடை ஏற்றது என்று ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்து வைத்திருக்கிறது. நான்கு என்றால் தொடவே வேண்டாம் என்று பொருள். ஆராவும் ஈஸ்ட்ரோஜனும் சேரும் இடத்தில் அவர்கள் போட்டிருப்பது நான்கு. காரணம், பக்கவாதம்.

பயந்துவிடாதீர்கள், அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதுப் பெண்களில் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வருவது மிக அரிது. ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்கு வந்தால் அதிகம். ஆரா இருந்தால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆராவோடு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் சேர்ந்தால், இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிடும்போது ஆறு மடங்கு என்று ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. அதைவிட அதிகம் சொல்லும் கணக்குகளும் உண்டு. அப்படியும் லட்சத்தில் சில பத்துப் பேர்தான். ஆனால் அந்தச் சிலரில் ஒருவர் முப்பத்தொரு வயதில் வாய் கோணி, வலது கை விழுந்து, ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருப்பதை வார்டில் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது. அதிலும் உங்களுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ள வேறு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, எதற்கு இந்தச் சூதாட்டம்? மாத்திரை ஆரம்பித்த பின் தலைவலி அடிக்கடி வரத் தொடங்கியதே, அது ஒன்றே போதும் நிறுத்துவதற்கு.

நர்ஸம்மா மேல் கோபப்பட வேண்டாம். அவரிடமும் ஒரு கேள்விப் பட்டியல் உண்டு. தலைவலி அதில் இருக்கிறது. ‘தலைவலி உண்டாம்மா?’ என்று கேட்டால் நம் பெண்கள் என்ன சொல்வார்கள்? ‘அது யாருக்குத்தான் இல்ல.’ அதோடு முடிந்தது. ‘வலிக்கு முன்னால் கண்ணில் ஏதாவது மின்னுமா?’ என்று கேட்டிருந்தால் நீங்களே அந்த அரிவாளைச் சொல்லியிருப்பீர்கள். நானே தொழிலுக்கு வந்த புதிதில் தலைவலி உண்டா என்று மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதிர்ஷ்டம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அல்லது ஆகி, என்னிடம் திரும்பி வரவில்லை.

மற்ற வாசகிகளுக்கும் இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எல்லோரும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவீர்கள். சாதாரணத் தலைவலி இந்தக் கணக்கில் வராது. வலி உச்சத்தில் இருக்கும்போது கண் கூசுவதும், லேசாக மங்குவதும் ஆரா ஆகாது. ஆரா இல்லாத ஒற்றைத் தலைவலி என்றால், 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு யோசித்து, பிரஷர் பார்த்து, கொடுக்கலாம். மாத்திரை தொடங்கிய பின் அதிகமானால் நிறுத்த வேண்டும்.

சரி, ஈஸ்ட்ரோஜன் ஏன் இப்படிச் செய்கிறது? மாலா-என் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 28 மாத்திரைகள். அதில் 21 வெள்ளை மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது: லீவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் ஈஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராம். நிறம் வேறாக இருக்கும் மீதி ஏழும் இரும்புச்சத்து. (அந்த ஏழையும் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ரத்தசோகை இருக்கும் நம் ஊரில் அதுவே பாதி வைத்தியம்.) முதல் ஹார்மோன்தான் முக்கியமான வேலைக்காரர், கருமுட்டை வெளியாகாமல் தடுப்பதிலும், கர்ப்பப்பை வாய்ச் சளியை விந்தணு நுழைய முடியாதபடி கெட்டியாக்குவதிலும் பெரும் பங்கு அதற்குத்தான். இரண்டாவதாக வரும் ஈஸ்ட்ரோஜன் அதற்குத் துணை நின்று, கண்ட நேரத்தில் ரத்தம் கசியாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அது கல்லீரல் வழியாகப் போகும்போது, ரத்தம் உறைய உதவும் பொருட்களைக் கூட்டி, உறைவதைத் தடுக்கும் பொருட்களைக் குறைத்துவிட்டுப் போகிறது. சமைக்க வந்தவர் அடுப்பைக் கொஞ்சம் தூண்டி வைத்துவிட்டுப் போவது மாதிரி. பெரும்பாலான வீடுகளில் ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே மண்ணெண்ணெய் சிந்தியிருக்கும் வீட்டில்தான் ஆபத்து. பிரஷர், புகைப்பழக்கம், ஆரா, முன்பே காலில் ரத்தம் கட்டிய வரலாறு, பிரசவம் ஆகி ஆறு வாரம்கூட ஆகாத உடம்பு - இவையெல்லாம் அந்த மண்ணெண்ணெய்.

காலின் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டுவதன் கணக்கையும் சொல்கிறேன். மாத்திரை போடாத இளம் பெண்கள் பத்தாயிரம் பேரில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு அப்படி ஆகிறது. மாலா-என் போன்ற மாத்திரையில் 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரெல் போன்ற வேறு ஹார்மோன்கள் சேர்ந்த விலை கூடிய மாத்திரைகளில் 9 முதல் 12 பேர். புதுசு, விலை அதிகம் என்பதால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த விஷயத்தில் அரசாங்கம் இலவசமாகத் தரும் பழைய மாத்திரையே மேல். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இதே கணக்கு பத்தாயிரத்துக்கு 40 முதல் 65 என்று ஏறிவிடும். வேண்டாத கர்ப்பத்தைவிட மாத்திரை பாதுகாப்பு என்று நாங்கள் சொல்வதற்கு இந்த எண்கள் ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒரு கொலுசின் கதையைச் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் 38 வயது அம்மா ஒருவர் காசி யாத்திரை போய்விட்டு நேராக என் கிளினிக்குக்கு வந்தார். ‘இடது கால் கொலுசு மட்டும் இறுக்குது டாக்டர், வலது கால்ல லூசாத்தான் இருக்கு’ என்றார். ரயிலில் உட்கார்ந்தே வந்ததால் சுளுக்கு என்று நினைத்து, தைலம் போட்டு நீவி விட்டிருக்கிறார்கள். கெண்டைக்கால் சுற்றளவை நூலால் அளந்தோம். இடது கால் மூன்று சென்டிமீட்டர் அதிகம். ஸ்கேனில் காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. அதை நீவி விட்டது நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் கதையே வேறு. கருத்தடை மாத்திரை ஏதாவது போட்டீர்களா என்றால், ‘ஐயோ, அதெல்லாம் கிடையாது’ என்று கையை உதறினார். யாத்திரையில் தீட்டு வந்துவிடக் கூடாது என்று பக்கத்து மெடிக்கலில் வாங்கி, தினம் மூன்று வேளை, பன்னிரண்டு நாள் தள்ளிப்போடும் மாத்திரை போட்டிருந்தார். நாரெத்திஸ்டிரோன் 5 மில்லிகிராம். அந்த அளவில் சாப்பிட்டால், அதில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் எத்தினைல் ஈஸ்ட்ராடியாலாகவே மாறிவிடுகிறது. கிட்டத்தட்ட ஒரு கருத்தடை மாத்திரையில் இருக்கும் அளவுக்கு. கோயில் கொடைக்கும், குடமுழுக்குக்கும், தங்கச்சி கல்யாணத்துக்கும் கடையில் கேட்டு வாங்கும் அந்த மாத்திரைக்கும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இன்னொன்று, அது தீட்டைத் தள்ளுமே தவிர கருத்தடைக்கு அதை நம்பக் கூடாது. அந்த அம்மா மூன்று மாதம் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டுக் குணமானார். கொலுசைக் கழற்றியே வைத்துவிட்டார்.

இனி உங்கள் வீட்டுக்காரர் காட்டிய வாட்ஸப். அதில் பொய் இல்லை. பாதி உண்மை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மாலா-என் போன்ற, ஈஸ்ட்ரோஜன்-புரொஜெஸ்டோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உள்ள பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது சான்று எவ்வளவு உறுதி என்பதை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அது சொல்வதில்லை. வெயிலும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அப்புறம், சொன்னால் வீட்டில் சண்டை வரும், இருந்தாலும் சொல்கிறேன்: வெற்றிலை பாக்கும் அதே பிரிவுதான். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும். உங்கள் மாமியாரின் வாயை ஒரு பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்; இந்தக் கடிதத்தில் புற்றுநோய் பற்றி நான் உண்மையாகக் கவலைப்படுவது அவரைப் பற்றித்தான்.

மாத்திரையின் கணக்கு இரண்டு பக்கமும் ஓடுகிறது. டென்மார்க்கில் பதினெட்டு லட்சம் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017-ல் வெளியான ஆய்வில், ஹார்மோன் கருத்தடை பயன்படுத்தியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. இருபது சதவீதம் என்றால் பயங்கரமாகக் கேட்கிறது. ஆனால் அது லட்சம் பெண்களில் ஆண்டுக்குக் கூடுதலாகச் சுமார் 13 பேர். நிறுத்திய பின் நாளடைவில் அதுவும் குறைந்துவிடும். ஐந்து வருஷத்துக்கு மேல் தொடர்ந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றும் கொஞ்சம் கூடுகிறது. மறுபக்கம், சினைப்பைப் புற்றுநோய் ஒவ்வொரு ஐந்து ஆண்டு உபயோகத்துக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றும் குறைகிறது. மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கிறது. வாட்ஸப்பில் வரும் செய்திக்கு இந்த இரண்டாம் பக்கம் மட்டும் எப்போதும் கிழிந்தே வருகிறது. மார்பகப் புற்றுநோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கு ஹார்மோன் எதுவும் கூடாது, அது தனி.

மாமியார் சொன்னதில் ஆதாரமே இல்லாதது என்று எதையும் தள்ளிவிட முடியாது, அதுதான் வேடிக்கை. மாத்திரை போடும் காலத்தில் கர்ப்பப்பையின் உட்படலம் மெலிதாகத்தான் வளரும், அதனால் தீட்டு குறையும். அதைப் பார்த்துத்தான் ‘வற்றிப் போச்சு, சுருங்கிப் போச்சு’ என்கிறார்கள். நிறுத்தினால் படலம் பழையபடி வளர்கிறது. குழந்தை வேண்டி மாத்திரையை நிறுத்துகிறவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு ஓராண்டுக்குள் கரு நிற்கிறது. மாத்திரையே போடாதவர்களின் கணக்கும் அதேதான். தாமதம் உண்மையாகவே ஆவது ‘அந்தரா’ கருத்தடை ஊசியில். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுவது. கடைசி ஊசிக்குப் பிறகு கரு நிற்க ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். எடை கூடுவதும் ஊசியில்தான் அதிகம் பார்க்கிறோம். மாத்திரையில் முதல் ஓரிரு மாதம் கொஞ்சம் நீர் கோத்து உடம்பு கனத்த மாதிரி இருக்கும், ஆய்வுகளில் பெரிய எடை வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் அவர் காலத்து மாத்திரையும் இன்றைய மாத்திரையும் ஒன்றல்ல. 1960-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் மாத்திரையில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தது. மாலா-என்னில் இருப்பது 30.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதைக் கேட்கக் கூடாது. ‘மூணு மாசம் நிறுத்தி வை’ என்பது. உடம்புக்கு ஓய்வு கொடுப்பது என்ற பெயரில் பலரும் இதைச் செய்கிறார்கள், சில டாக்டர்களே சொல்கிறார்கள். ரத்தம் கட்டும் ஆபத்து அதிகமாக இருப்பது மாத்திரை தொடங்கும் முதல் சில மாதங்களில். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த முதல் சில மாதங்களை மறுபடி வாங்கிக்கொள்கிறோம். இடையில் கரு நின்றுவிட்டால் அது வேறு.

தங்கைக்கு வருவோம். நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.டி.யில் முட்டை ஒழுங்காக வெளியாவதில்லை. மாதக்கணக்கில் தீட்டு வராமல் உட்படலம் தடித்துக்கொண்டே போகிறது. அதைச் சீராக உதிர வைக்கவும், முகத்தில் முடி, பரு வருவதைக் குறைக்கவும் இந்த மாத்திரை கொடுப்பது சரியான வைத்தியம்தான். அட்டையில் ‘கருத்தடை’ என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதையா கொடுப்பது என்று சண்டைக்கு வந்த அம்மாக்கள் எனக்கு உண்டு. ஒரு அப்பா மாத்திரையைப் பேப்பரில் மடித்துத் தரச் சொன்னார், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுமாம். நிறுத்தினால் தீட்டு பழையபடி தவறும். அது மாத்திரை செய்த கேடு ஆகாது, நோய் அங்கேயே இருக்கிறது என்பதன் அடையாளம். பின்னால் குழந்தை நிற்பதை மாத்திரை கெடுக்காது. ஆனால் நான் மேலே சொன்ன கேள்விகளைத் தங்கையிடமும் கேளுங்கள். பிரஷர் பார்த்தார்களா, எடை எவ்வளவு, அக்காவைப் போல அவளுக்கும் கண்ணில் மின்னுமா? ஒற்றைத் தலைவலி குடும்பத்தில் ஓடும் நோய். மனசு காரணமில்லாமல் சோர்ந்து போவதாக அவள் சொன்னால், சும்மா இரு என்று அடக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சிலருக்கு, குறிப்பாகச் சின்ன வயதில், ஹார்மோன் அப்படிச் செய்வதுண்டு. ஒரே சீட்டை வைத்து மூன்று வருஷம் கடையில் வாங்குவது மட்டும் வேண்டாம்.

இனி உங்களுக்கு என்ன வழி?

முதலில் காப்பர்-டி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனம். உங்களுக்கு நான் முதலில் சொல்வதும் கடைசியாகச் சொல்வதும் அதுதான். ஹார்மோன் கிடையாது, தலைவலிக்கும் அதற்கும் தொடர்பில்லை, பால் குறையாது. அரசு மருத்துவமனையில் இலவசம். 380ஏ வகை பத்து ஆண்டு வரை போகும், 375 வகை ஐந்து ஆண்டு. கரு இல்லை என்று உறுதியானால் எந்த நாளிலும் போடலாம். செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுவைச் செயலிழக்க வைக்கின்றன, அவ்வளவுதான் அதன் வித்தை. நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவருக்குக்கூடத் தவறுவதில்லை. மாத்திரையை நாள் தவறாமல் போட்டால் அதுவும் அந்த அளவுக்கு நல்லதுதான், ஆனால் பால்குடிக் குழந்தை வைத்திருப்பவர் எங்கே நாள் தவறாமல் போடுவது? மறதியையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூறில் ஏழெட்டுப் பேருக்குத் தவறுகிறது. காப்பர்-டியின் குறை, ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வரை தீட்டு கொஞ்சம் அதிகமாகும், வலிக்கும். அதனால் போடும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று யாராவது சொன்னால், கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை இல்லை என்று சொல்லுங்கள்.

காப்பர்-டி பிடிக்காவிட்டால் சாயா மாத்திரை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தது. கடையில் ‘சஹேலி’ என்ற பெயரில் 1991 முதல் இருக்கிறது. சென்ட்குரோமேன் 30 மில்லிகிராம். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. ஈஸ்ட்ரோஜன் இல்லை, பால் கொடுப்பவர்களும் போடலாம். தீட்டு தள்ளித் தள்ளிப் போகும், அதற்குப் பயப்படக் கூடாது. மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும், உங்கள் தங்கையைப் போல நீர்க்கட்டி இருப்பவர்களுக்கும் அது ஆகாது. அந்தரா ஊசியில் ஈஸ்ட்ரோஜன் இல்லைதான்; ஆனாலும் ஆரா அடிக்கடி வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் உங்களுக்கு அதை நான் தொடங்க மாட்டேன்.

ஆபரேஷன் விஷயம். இரண்டு பிள்ளை போதும் என்று நீங்கள் இருவரும் உறுதியாக இருந்தால் நல்ல வழிதான். ஆனால் உங்கள் கணவரிடம் ஒரு கேள்வி: ‘நீ பண்ணிக்கோ’ என்பதில் அந்த ‘நீ’ ஏன்? ஆணுக்குச் செய்வது கத்தி வைக்காமல், தையல் போடாமல், மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, இருபது நிமிடத்தில் முடிகிற வேலை. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1960-களில் ஆண்களுக்கான முகாம்கள் ஊர் ஊராக நடந்த மாநிலம் இது என்றால் இன்று யாரும் நம்புவதில்லை. ஆணுக்குச் செய்தால் மூன்று மாதம் ஆணுறை போட்டு, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். ஆண்மைக்கும் பலத்துக்கும் ஒன்றும் ஆகாது. இந்தப் பத்தியை மட்டும் அவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அட்டையின் நடுவில் நிறுத்தியதால் இரண்டு மூன்று நாளில் ரத்தம் பட்டிருக்கும், அது இயல்பு. காப்பர்-டி போடும் வரை ஆணுறை. அது கிழிந்துவிட்டால் அவசர மாத்திரை (லீவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம்) 72 மணி நேரத்துக்குள் ஒன்று போடலாம். ஈஸ்ட்ரோஜன் இல்லாததால் ஒரு தடவைக்கு உங்களுக்கும் தடையில்லை. நம் ஊரில் பல மெடிக்கல்களில் கேட்டால் ‘அது வர்றதில்ல’ என்பார்கள். சட்டப்படி அதற்குத் தடை கிடையாது. அலையாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டால் அவசரத்துக்கும் அதுவே ஆகும், பத்து வருஷத்துக்கும் அதுவே ஆகும்.

மாத்திரையை நிறுத்திய பின்னும் ஆரா எப்போதாவது வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அது நீடித்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தைலம், கஷாயம் என்று நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினாலும் அப்படியே.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த வளைவை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். பத்து நிமிடம் விளக்குவதைவிட அது சீக்கிரம் புரியும். மீதி இருக்கும் மாலா-என் அட்டைகளை நர்ஸம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீணாகப் போகிறதே என்று தங்கையிடம் கொடுத்துவிட வேண்டாம்.